முகம் ஒன்று, குணம் வேறு
(மேல்வகுப்பு மாணவியருக்குச் சில ஆங்கிலச் சொற்கள்)



ஆங்கிலத்தில் சொல்வளம் பெற அகராதியை நெட்டுருப் போட்டால் மட்டும் போதாது. 1755இல் சாமுவேல் ஜான்சன் வெளியிட்ட அகராதியிலேயே 40,000க்கும் மேற்பட்ட சொற்கள் இருந்தன. அத்தனையும் மனத்தில் நிற்குமா? ஒத்த சொற்களை இணை இணையாக நிறுத்திப் பார்த்தால் பொருள் எளிதில் விளங்கும்.

1. ஃபேமஸ் – நொட்டோரியஸ்: இரண்டுமே பலரும் அறிந்தவரைக் குறிக்கும். முன்னது புகழால் அறியப்பட்டவர். பின்னது பழியால் அறியப்பட்டவர். விழாத் தலைவருக்கு எழுதும் மடலில் பின்னது இடம்பெற்றால் வாழ்த்து வசையாகிவிடும்.

2. அஃபிஷியல் – அஃபிஷியஸ்: முன்னது அலுவல் சார்ந்தது. பின்னது, கேளாமலே பிறர் காரியத்தில் தலையிட்டு அதிகாரம் செய்யும் இயல்பு.

3. அன்இன்ட்ரஸ்டட் – டிஸ்இன்ட்ரஸ்டட்: முன்னவர் அக்கறையற்றவர், பின்னவர் தன்னலம் கலவாத நடுநிலையாளர். நீதிபதி பின்னவராக இருக்க வேண்டும். முன்னவராக இருந்தால் வழக்கு என்னாவது?

4. இன்ஜீனியஸ் – இன்ஜெனுவஸ்: முன்னவர் புதுவழி காணும் நுண்ணறிவாளர்; பின்னவர் கள்ளங்கபடம் அறியாதவர்.

5. சைல்டிஷ் – சைல்ட்லைக்: முன்னது சிறுபிள்ளைத்தனம், பின்னது குழந்தை உள்ளம். வளர வளர முன்னதை விட்டுவிட வேண்டும், பின்னதை விடலாகாது.

இனி, தனித்து நிற்கும் ஒரு சொல். 'பரையா' என்பதற்கு ஆங்கில அகராதிகள் தரும் பொருள், சமூகத்தால் ஒதுக்கப்பட்டவர் என்பதாகும். கட்டுரைக்கு மிடுக்குத் தரும் என்றெண்ணிப் பலர் இதைக் கையாளுகின்றனர். இது எங்கிருந்து சென்றது தெரியுமா? நம் தமிழிலிருந்துதான்! பறை என்னும் இசைக்கருவியின் அடியாகப் பிறந்த 'பறையர்' என்ற மக்கட்பெயரே 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் புகுந்தது. உழைத்து வாழும் ஒரு மக்களின் பெயர், கடல் கடந்து இழிசொல்லாயிற்று. 1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 17ஆம் விதி தீண்டாமையை ஒழித்தது. சட்டம் ஒழித்ததை நம் பேனா உயிர்ப்பிக்கலாமா? அந்தப் பொருளைச் சொல்ல 'அவுட்காஸ்ட்' என்ற சொல் இருக்கிறது, அது போதும்.

மாணவியரே, நாளொன்றுக்கு இரண்டு சொற்களைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். பொருளைப் பாருங்கள், பிறந்த கதையைத் தேடுங்கள், சொந்தமாக ஒரு வாக்கியம் அமையுங்கள். அந்த வாக்கியம் பக்கத்து இருக்கைத் தோழியின் மனத்தைப் புண்படுத்துமா என்றும் எண்ணிப் பாருங்கள். பொருளறிந்து பேசுவது கல்வி. பிறர் நோகாமல் பேசுவது பண்பு. இரண்டும் சேர்ந்ததே சொல்வளம்.