கொடுமணல் சில்லும் பழனிச் சந்தனமும்

அன்புள்ள அம்மிணி,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். வெள்ளிக் கூட்டுக்குள், கண்ணாடிக்கு அடியில், சிவப்பாக ஒரு சூதுபவளச் சில்லு. "கொடுமணல் மண்ணிலிருந்து" என்று அட்டை போட்டு விற்கலாமா என்று கேட்டிருக்கிறாய். கூடு கட்டியிருக்கும் விதம் நேர்த்தி, பற்றவைத்த தடமே தெரியவில்லை. ஆனால் அந்தச் சில்லை அதற்குள் வைக்காதே.

நொய்யல் ஆற்றின் வடகரையில் இருக்கும் கொடுமணல் நம் தொழிலுக்குத் தாய்வீடு. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985-லிருந்து அங்கே தோண்டியபோது படிகம், பெரில், அகேட், சூதுபவளம் என்று எல்லா நிலையிலும் மணிகள் கிடைத்தன. உடைத்த கல், உருட்டிய கல், பாதி துளைத்துக் கைவிட்ட கல், மெருகேறிய மணி. அப்படிக் கைவிட்ட ஒரு மணியைப் பார்த்தாலே எந்தப் பக்கம் முதலில் துளைத்தார்கள், எந்த இடத்தில் கல் விரிந்தது என்று உனக்கும் எனக்கும் புரியும். அந்தப் பட்டறைக்காரர்கள் தங்கள் வேலைமுறையை எங்கும் எழுதி வைக்கவில்லை. கழிவென்று நீ நினைக்கிற சில்லுகள்தான் இன்று அதைச் சொல்கின்றன. அதுவும், எந்த மண்ணடுக்கில் எதன் பக்கத்தில் கிடந்தது என்று தெரிந்தால் மட்டுமே. பொறுக்கிக் கையில் எடுத்த நொடியில் அந்தச் செய்தி போய்விடும்.

கொடுமணல் ஈமக்காடும்கூட. கல்வட்டங்களுக்கு நடுவே பலகைக் கற்களால் அறை கட்டி, இறந்தவர்களோடு மணிகளையும் வைத்திருக்கிறார்கள். ஒரே ஈமக்குழியில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் இருந்தன. அந்தக் கல் நம் பக்கத்தில் விளைவதில்லை. குஜராத் பக்கமிருந்து வந்திருக்க வேண்டும். அவ்வளவு தொலைவிலிருந்து வந்த பொருளைத் தங்கள் மனிதருக்கென்று மண்ணுக்குள் விட்டுப் போயிருக்கிறார்கள். அதை எடுத்து இன்னொருவர் கழுத்தில் மாட்ட நமக்கு யார் உரிமை கொடுத்தது?

சட்டத்தையும் தெரிந்துகொள். நூறாண்டு கடந்த கைவினைப் பொருள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். மண்ணுக்குள் கிடைக்கும் பொருள் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-லிருந்தே இருக்கும் விதி. உன்னிடம் இருக்கும் சில்லை, அது கிடைத்த தோட்டத்தின் விவரத்தோடு தொல்லியல் துறையிடம் கொடுத்துவிடு.

இடம் தெரியாமல் எடுத்த கல்லைத் திருப்பிக் கொடுப்பதும் எளிதல்ல. ஆஸ்திரேலியாவில் உலுரு என்ற பாறை அங்கே வாழும் அனங்கு மக்களுக்குப் புனிதமானது. பார்க்கப் போனவர்கள் ஞாபகத்துக்கென்று எடுத்துப் போன கற்களை, பிறகு மனம் கேட்காமல் மன்னிப்புக் கடிதத்தோடு தபாலில் திருப்பி அனுப்புகிறார்கள். அனுப்பியவர் எங்கே பொறுக்கினார் என்று தெரியாததால், திரும்பி வந்த கல்லை அதே இடத்தில் வைப்பதுகூடக் கடினம்.

அப்படியானால் புனித இடத்தின் எதையும் உடம்பில் அணியக்கூடாதா என்று கேட்பாய். அணியலாம். நம் பாட்டன் காலத்துத் தாயத்து வேறென்ன? பழனியில் சித்தர் போகர் செய்ததாகச் சொல்லப்படும் நவபாஷாணத் திருமேனிக்கு இரவில் சாத்தும் சந்தனத்தைக் காலையில் களைந்து பக்தர்களுக்குக் கொடுக்கிறார்கள். இராக்காலச் சந்தனம் என்று கேட்டு வாங்குவார்கள். மருதமலையில் விபூதி, பேரூரில் வில்வம். கோயில் தன் கையால் கொடுத்தனுப்புகிற பொருள்கள் இவை. கொடுப்பதால் அங்கே எதுவும் குறைவதில்லை. திருமேனியைச் சுரண்டி எடுப்பது வேறு, திருமேனியில் சாத்திக் களைந்ததை வாங்கிக்கொள்வது வேறு. இந்த ஒரு வித்தியாசத்தை விட்டுவிடாதே. நவபாஷாண மணி என்று கடைகளில் விற்பதன் பக்கம் போகவே வேண்டாம். நவபாஷாணத்தின் ஒன்பது பாஷாணங்களில் பாதரசமும் ஆர்செனிக்கும் சேர்ந்தவை உண்டு. தோலில் படும் நகைக்கு ஆகாது.

இத்தாலியின் மோன்சா பேராலயத்தில் ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த சின்னச் சின்னக் குப்பிகள் இருக்கின்றன. வெள்ளீயமும் ஈயமும் கலந்தவை. எருசலேம் போன யாத்ரிகர்கள் புனிதத் தலங்களில் எரியும் விளக்கின் எண்ணெயை அவற்றில் வாங்கிக் கழுத்தில் தொங்கவிட்டு ஊர் திரும்பினார்கள். குப்பி செய்தவன் வேலை குப்பியோடு முடிந்தது. எண்ணெய் அந்த இடம் கொடுத்தது.

நீயும் அப்படிச் செய், அம்மிணி. வெறும் கூட்டை விற்பனை செய். வாங்குகிறவர் தானே மலையேறிப் போய், தன் கையால் வாங்கியதை அதில் அடைக்கட்டும். அப்போது உன் அட்டையில் எந்தப் பொய்யும் ஏறாது. கொடுமணலை நினைவூட்ட வேண்டுமானால் காங்கேயம் பக்கம் கிடைக்கும் படிகத்தையோ செவ்வந்திக் கல்லையோ வாங்கிப் புதிதாக மணி உருட்டிக் கூட்டுக்குக் கீழே கோத்துவிடு. "இப்போது செய்தது" என்று தெளிவாக எழுது.

வேலை பற்றி இரண்டு வார்த்தை. கூட்டை நிரந்தரமாக மூடாதே, ரெசினும் ஊற்றாதே. திருகு மூடி வை. சந்தனம் பழசானால் மாற்றிக்கொள்வார்கள். சந்தனத்தை நிழலில் முழுக்க உலர்த்தித்தான் அடைக்க வேண்டும் என்று துண்டுச்சீட்டில் எழுதிக் கொடு, ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடிக்கும். விபூதி ஈரம் இழுக்கும் என்பதால் உள்பக்கம் செம்பு வேண்டாம், நல்ல வெள்ளியாகவே இருக்கட்டும். நீ செய்த கூட்டில் கண்ணாடி இருக்கும் இடம் மூடியாக மாறினால் போதும், மற்றதெல்லாம் அப்படியே இருக்கலாம். மரையை மட்டும் கொஞ்சம் ஆழமாக வெட்டு. தினமும் போட்டுக் கழற்றும் நகையில் முதலில் தேய்வது அதுதான்.

அன்புடன்,
ராஜவீதிப் பட்டறையிலிருந்து உன் பெரியப்பா