பஞ்சாங்கத்துக்கு ஆறாவது அங்கம்



நம்ம சிவகாசியில் பட்டாசு, தீப்பெட்டியோடு காலண்டர் அச்சும் பெரிய தொழில். ஆடிப்பெருக்கு அன்றே அடுத்த வருஷத்துக்கான காலண்டர் ஆல்பம் வந்துவிடும். விதைக்க, ஏர் பூட்ட நாம நாள் பார்ப்பதும் அந்தத் தினசரித் தாளில்தான். அதில் என்ன இருக்கு, என்ன இல்லை?

பஞ்சாங்கம் என்றால் ஐந்து அங்கம். வாரம் என்பது கிழமை. நிலா சூரியனை விட்டு 12 பாகை விலகும் நேரம் ஒரு திதி. அதில் பாதி கரணம். வானத்தை 27 ஆகப் பிரித்து, நிலா எதில் நிற்கிறது என்று சொல்வது நட்சத்திரம். சூரியன், நிலா இரண்டின் இருப்பையும் கூட்டிப் பார்ப்பது யோகம். ஐந்துமே வானத்துக் கணக்கு. மழையும் மண்ணும் இதில் இல்லை.

காலண்டர் என்ற சொல் லத்தீனிலிருந்து வந்தது. ரோமாபுரியில் மாதத்தின் முதல் நாள் ‘கலெண்டே’; அன்றுதான் வட்டி கட்டணும். கடன் கணக்கு எழுதிய புத்தகத்துக்கு ‘கலெண்டாரியம்’ என்று பேர். பேங்கில் வேலை பார்த்த எனக்கு இது ரொம்பப் பிடித்த செய்தி.

ஆங்கிலத்தில் பஞ்சாங்கத்தை ‘ஆல்மனாக்’ என்பார்கள். 1267-லேயே ரோஜர் பேக்கன் என்ற அறிஞர் இச்சொல்லை எழுதியிருக்கிறார். அரபு வழியாக வந்திருக்கலாம் என்பது பலர் கருத்து. இன்றைய அரபியில் ‘மனாக்’ என்றால் தட்பவெப்பம். நமக்கு வேண்டியது அதுதானே!

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது பழமொழி. ஆனால் நம்ம மானாவாரிக் கரிசலுக்குப் புரட்டாசிப் பட்டம்தான் கைகொடுக்கும்; பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். மலையடிவார ராஜபாளையத்துக்கும் சாத்தூர் கரிசலுக்கும் ஒரே சுபநாள்தான் போட்டிருக்கும், மழை ஒன்றாகப் பெய்யாது. நல்ல நாள் என்று விதைத்து, சிறு தூறலில் முளைத்து, பத்து நாள் வெயிலில் காய்ந்தால் உழவுக் கூலி போச்சு. அதைவிட, பத்திரப்படுத்திய நாட்டு விதை போச்சு. அதை மறுநாள் எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

அதனால் ஆறாவது அங்கத்தை நாமே எழுதணும். அடி தட்டையான, பக்கம் நேரான, வாயும் அடியும் ஒரே அகலமுள்ள பாத்திரத்தை மரநிழல் படாத வெட்டவெளியில் வையுங்க. தினம் காலை 8.30 மணிக்கு ஸ்கேல் விட்டு மில்லிமீட்டரில் அளந்து, நீரைக் கொட்டிடுங்க. 1 மி.மீ. மழை என்றால் ஏக்கருக்குச் சுமார் 4,000 லிட்டர் தண்ணீர் வரவு. பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டர் கட்டத்திலேயே இதையும் குறிச்சு வையுங்க. விதைத்த நாள், முளைத்த நாள், மண்ணில் எத்தனை விரல்கடை ஈரம் இறங்கியது என்பதையும் சேருங்க. வருஷம் முடிஞ்சதும் காலண்டரைத் தூக்கிப் போட்டுடாதீங்க.

நாலைந்து வருஷக் கணக்கு சேர்ந்தால், உங்க காட்டில் மழை எந்த வாரம் பிடிக்குதுன்னு தெரிய ஆரம்பிக்கும். புழுதி விதைப்பு செய்பவர்களுக்கு இது ரொம்ப அவசியம். நாள் பார்ப்பதை விடச் சொல்லலை. முதலில் ஈரம் பாருங்க, பிறகு நாள் பாருங்க.