பல கருவிகளுக்கு ஒரு காலம்

நாகப்பட்டினத்தை அடுத்த அக்கரைப்பேட்டையில், 2004 டிசம்பர் 26-இல் நேர்ந்த கடற்கோளைக் கண்ணாரக் கண்ட முதியவர் ஒருவரின் வாய்மொழியை நாம் ஒருமுறை பதிவு செய்தோம். இரண்டு காமிராக்களும் ஓர் ஒலிப்பதிவுக் கருவியும் இரண்டு மணி நேரம் இயங்கின. திரும்பி வந்து அவற்றை ஒன்றுசேர்க்க முற்பட்டபொழுதுதான், மூன்று கடிகாரங்களும் மூன்று விதமாய்க் காலங்காட்டினமை புலனாயிற்று. காமிராக்களில் பதிந்த குரல் அலையோசையில் மூழ்கியிருந்தது. முகம் தெரிந்த இடங்களில் உதட்டசைவைக் கொண்டு ஒருவாறு பொருத்தினோம். அவர் கடலை நோக்கித் திரும்பி நின்று பேசிய பகுதிக்கு அவ்வழியும் இல்லை. தம் துயரத்தை மறுமுறை சொல்லுமாறு அவரைக் கேட்பது அறமாகாது. நாம் செய்த பிழையை நம் மாணவர் செய்யாதிருத்தல் வேண்டுமென்பதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

இத்தொல்லை புதியதன்று. 1861, 1862 ஆம் ஆண்டுகளில் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்கு இருப்புப்பாதை போடப்பட்டது. ஒவ்வோர் ஊரும் தன் சூரியனைப் பார்த்தே நேரம் வைப்பின், இவ்விரண்டு ஊர்களின் கடிகாரங்களும் ஏறக்குறைய நான்கரை நிமிடம் வேறுபடும். தீர்க்கரேகை ஒரு பாகை மாறினால் நேரம் நான்கு நிமிடம் மாறுமன்றோ? ஆதலின் இரயில்வேக்கள் சென்னை நேரத்தைப் பொதுவாகக் கொண்டன. சென்னை வானாய்வு நிலையத்திலிருந்து தந்தி மூலம் நாள்தோறும் நேரக்குறி அனுப்பப்பட்டது. 1906 ஜனவரி 1 முதல் 82½ பாகைத் தீர்க்கரேகையைத் தழுவிய இந்தியப் பொது நேரம் வழக்கில் வந்தது. இன்றும் நாகையில் சூரியன் உச்சிக்கு வருவது, ஆண்டுச் சராசரியாக, கடிகாரத்தில் 12 மணி 10 நிமிடம் கடந்த பின்னரே.

இதில் இரண்டு பாடங்கள் உள. ஒன்று, அனைவரும் ஒரே தலைமைக் கடிகாரத்தைப் பின்பற்றல். மற்றொன்று, ஒருமுறை திருத்தியதோடு அமையாது மீண்டும் மீண்டும் திருத்தல். காமிராக்களுக்கும் இவையே விதிகள்.

சலனப்படம் என்பது விரைந்து தொடரும் நிலைப்படங்களின் வரிசை. அவற்றுள் ஒவ்வொன்றும் ஒரு பிரேம் எனப்படும். நம் நாட்டுத் தொலைக்காட்சியில் விநாடிக்கு 25 பிரேம்கள். ஒவ்வொரு பிரேமுக்கும் மணி, நிமிடம், விநாடி, பிரேம் என்னும் நான்கு எண்களால் இடப்படும் முத்திரையே டைம்கோடு. 10:15:32:08 என்பது, பத்து மணி பதினைந்து நிமிடம் முப்பத்திரண்டு விநாடியில் 08 என்னும் எண்ணுடைய பிரேம். ஒலிக்கருவியும் அதே எண்ணைத் தன் பதிவில் எழுதுமாயின், கணிப்பொறி அவ்வெண்களைக் கொண்டு இரண்டையும் ஒரு நொடியில் பொருத்திவிடும்.

ஆயினும் எண் ஒன்றாயிருத்தல் வேறு. நடை ஒன்றாயிருத்தல் வேறு. ஒவ்வொரு கருவியும் தன்னுள் அதிரும் ஒரு படிகத்தைக் கொண்டே காலத்தை அளக்கிறது. ஒரு படிகம் பத்து லட்சத்தில் 20 பங்கு விரைந்தும், மற்றொன்று அதே அளவு தாழ்ந்தும் ஓடுவதாகக் கொள்வோம். ஒரு மணி நேரத்தில் விளையும் வேறுபாடு 0.144 விநாடி, அஃதாவது மூன்றரைப் பிரேமுக்கு மேல். ஒலி படத்துக்கு முந்தினால் 0.045 விநாடி அளவிலேயே அது மனிதர்க்குப் புலனாகும், பிந்தினால் 0.125 விநாடி வரை பொறுப்பர். துறையில் வண்ணார் துணியை அடிப்பது முதலிற் கண்ணிலும் பின்னரே காதிலும் படுவதால், பிந்தி வரும் ஒலி நமக்குப் பழக்கமானதே.

இனிச் செய்முறையைக் கூறுவோம். முதலாவது, எல்லாக் காமிராக்களையும் 25 பிரேமுக்கே அமைக்க. ஒன்றில் 30 எனவும் மற்றொன்றில் 29.97 எனவும் வைப்பின், ஒரு மணி நேரத்தில் டைம்கோட்டு எண்களில் 108 பிரேம் வேறுபாடு தோன்றும். இரண்டாவது, பதிவு நிற்கும்பொழுதும் டைம்கோடு நில்லாது ஓடுமாறு அமைக்க. மூன்றாவது, ஒரு கருவியைத் தலைமையாக்கி, அதன் எண்ணைக் கம்பி வழியாக ஏனையவற்றுக்கு ஊட்டுக. இதனை ஜாம் சிங்க் என்பர். நான்காவது, இரண்டு மணிக்கொருமுறையும், மின்கலம் மாற்றிய பின்னரும் இதனைத் திரும்பச் செய்க. டைம்கோடு ஏற்கும் வாயில் இல்லாத காமிராவாயின், அக்குறியை ஒலி வடிவில் அதன் ஒலித்தடம் ஒன்றிற் பதியலாம். இறுதியாக, கிளாப் பலகையை ஒருமுறை தட்டுக. எண்கள் கைவிட்டாலும் அத்தட்டு கைகொடுக்கும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டரே செல்லும். பேசுவோர் மைக்கிலிருந்து 34 மீட்டர் தள்ளி நின்றால், குரல் இரண்டரைப் பிரேம் பிந்தியே பதியும். இக்குறையை எந்த டைம்கோடும் நீக்காது. மைக்கை அருகில் வைத்தலே வழி.

ஒரே காலத்தின் அருமையை நம் கடற்கரையார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பூகம்பம் எங்கே நேர்ந்தது என்பதைப் பல நிலையங்களில் அதிர்வு பதிந்த நேரங்களை ஒப்பிட்டே அறிகிறார்கள். நிலத்தினுள் முந்தி வரும் அலை விநாடிக்கு ஆறு முதல் எட்டுக் கிலோமீட்டர் செல்வது. ஆகவே ஒரு விநாடிப் பிழையும் தூரக் கணக்கை அவ்வளவு பிழைப்படுத்தும். 2004-இல் சுமத்திராவின் அருகே காலை 6 மணி 28 நிமிடம் கடந்து நிலம் அதிர்ந்தது; அலை நம் கரையை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தும், நம் மக்களை எச்சரிப்பார் இல்லை. அக்குறையைத் தீர்க்கவே 2007-இல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் நிறுவப்பட்டது.

அந்நாளைக் கண்டோர் ஆண்டுக்காண்டு குறைந்து வருகின்றனர். அவர்தம் சொல்லைப் பதியச் செல்லும் மாணவர், புறப்படுமுன் ஐந்து நிமிடம் செலவிட்டுக் கடிகாரங்களை ஒன்றுபடுத்துவாராக. சாட்சி சொல்வோர்க்கு நாம் செய்யும் முதல் மரியாதை அதுவே.