திட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளுக்கு

நீதி அமைச்சின் திட்டத்தில், வெளிநாட்டுப் பணத்தில் கள உத்தியோகத்தராகச் சேர்ந்திருக்கிறீர்கள். சந்தோஷம். மலையகத் தோட்டங்களுக்குள் கால் வைக்குமுன் இவற்றைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

1. யாருடைய காசு என்று சனங்கள் கேட்பார்கள். மழுப்பாதீர்கள். உதாரணமாக, 2022இல் தொடங்கிய நீதித்துறைத் திட்டத்துக்குப் பணம் தந்தது ஐரோப்பிய ஒன்றியம். அமைச்சோடு சேர்ந்து வேலையைச் செய்தவை ஐ.நா. அபிவிருத்தித் திட்டமும் யுனிசெப்பும். இப்படி உள்ளதைச் சொல்லுங்கள். கூடவே, சட்ட உதவி யாரும் போடும் தர்மம் அல்ல, 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டமே அதற்கென ஓர் ஆணைக்குழுவை அமைத்திருக்கிறது என்பதையும் சொல்லுங்கள்.

2. வேலை நாளில் கூட்டம் வைக்காதீர்கள். உங்கள் பேச்சைக் கேட்க வந்தால் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போகும். தப்பினால் அரைப்பேர் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை வையுங்கள்; அன்று உங்களுக்கு லீவு என்பது எனக்கும் தெரியும்.

3. தோட்டத்தில் பாதி வழக்கு பத்திரத்தில்தான் இருக்கிறது. இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் வந்தது. ஆனால் பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர் அடையாள அட்டை எடுக்கவே அலைய வேண்டும். அட்டை இருந்தாலும் சிக்கல் தீராது. தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் ‘ராமாயி’, பள்ளிக்கூட இடாப்பில் ‘இராமாய்’, தமிழ் தெரியாத எழுதுநர் பதிந்த அட்டையில் ‘ரமை’. ஓய்வுபெற்றபின் சேமலாப நிதிக்கு விண்ணப்பிக்கும்போது இந்த மூன்று பேரும் ஒரே ஆள்தான் என்று அந்தக் கிழவி நிரூபிக்க வேண்டும்! ஆகவே முதல் நாளே வீட்டிலுள்ள தகரப்பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். ஞானஸ்நானப் பதிவு, தோட்ட ஆஸ்பத்திரி அட்டை, பழைய சம்பளத் துண்டு என்று கசங்கிய கடதாசி எதையும் தள்ளாதீர்கள். காலங்கடந்த பிறப்புப் பதிவுக்கும் பெயர்த் திருத்தத்துக்கும் அதுதான் ஆதாரம். பிரதி எடுத்துக்கொண்டு மூலப்பத்திரத்தை உரியவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். சத்தியக்கடதாசி எழுதக் காசு யார் தருவது என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

4. பொலிசில் முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதி, கையெழுத்தை மட்டும் வாங்குவது இன்னும் நடக்கிறது. தமிழும் அரச கரும மொழி. “வாசித்துக் காட்டுங்கள் ஐயா” என்று மரியாதையாக, ஆனால் விடாமல் கேட்கப் பழக்குங்கள்.

5. இணக்க சபை நல்ல ஏற்பாடு. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி வந்தது. இரு தரப்பும் ஆளுக்கொரு மத்தியஸ்தரைத் தெரிந்தெடுக்க, அவர்கள் மூன்றாமவரைத் தெரிவார்கள். வேலிச் சண்டைக்கும் கைமாற்றுக் கடனுக்கும் இதைவிட மலிவான வழி இல்லை. ஆனால் புருஷனிடம் அடிவாங்கிய பெண்ணை ‘சமாதானமாகப் போங்கள்’ என்று அங்கே அனுப்பிவிட்டு வேலை முடிந்ததென்று நினைக்காதீர்கள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். முடிவு அவளுடையது; வழி இருப்பதைச் சொல்ல வேண்டியது உங்கள் கடமை.

6. தொழிற்சங்கத் தலைவரோடும் தோட்டத் துரையோடும் பகைக்க வேண்டாம். அவர்கள் தரும் பெயர்ப்பட்டியலை மட்டும் நம்பவும் வேண்டாம். கடைசி லயத்துக்கும் நடந்து போங்கள்.

7. நடமாடும் சேவை முடிந்த அன்றே எத்தனை பேர் பயன்பெற்றார்கள் என்று கொழும்பிலிருந்து கேட்பார்கள். படிவம் நிரப்பியவர் வேறு, பத்திரம் கைக்கு வந்தவர் வேறு. அறிக்கையில் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். எண்ணிக்கை குறைந்தால் மேலதிகாரி முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். கொடையாளிக்கும் உண்மை தேவைதான். இல்லாவிட்டால் அடுத்த தவணையும் பதாகைக்கும் மதியச் சாப்பாட்டுக்குமே போகும்.

8. திட்டம் ஒருநாள் மூடப்படும். உங்கள் வாகனமும் போய்விடும். பிரதேச செயலகமும் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளையும் அங்கேயே இருக்கும். அதனால் முடியாத கோப்புகளின் பட்டியலை, விண்ணப்ப இலக்கத்தோடும் தேதியோடும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, அந்த அலுவலகங்களில் பொறுப்பான ஒருவரிடம் கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள். விண்ணப்பித்தவருக்கும் அதே இலக்கத்தை எழுதிக் கொடுங்கள். இதைக் கடைசி மாதத்துக்குத் தள்ளிவைக்காமல் இந்த வாரமே தொடங்குங்கள்.