மேடைத் துணையும் நட்பும்: இளம் மிருதங்கக் கலைஞருக்கு ஒரு கடிதம்



கருநாடக இசைக் கச்சேரியில் பாடகருக்குத் துணைநிற்கும் வயலினும் மிருதங்கமும் பக்கவாத்தியங்கள் என்றும், அவற்றுக்கு அடுத்துச் சேரும் கடம், கஞ்சிரா, மோர்சிங் ஆகியவை உபபக்கவாத்தியங்கள் என்றும் வழங்கப்படுகின்றன. இவற்றை வாசிப்போரைச் சபாவோ பாடகரோ தேர்ந்தெடுப்பதால், முன்பின் அறியாத இருவர் ஒரு மாலை அருகருகே அமர்ந்து வாசித்துவிட்டு, சன்மானம் பெற்றுக்கொண்டு பிரிந்து செல்வது இத்துறையில் இயல்பு. அந்த அறிமுகம் ஆண்டுக்கணக்கில் அறிமுகமாகவே நின்றுவிடுவதும் உண்டு, வாழ்நாள் நட்பாக முதிர்வதும் உண்டு. நட்பாக முதிர வேண்டுமானால், சக கலைஞருக்கு மேடையில் உரிய இடத்தைத் தன் இடத்தைப் போலவே காக்கும் பழக்கம் முதலில் அமைய வேண்டும்.

அப்பழக்கம் மிகத் தெளிவாகச் சோதிக்கப்படும் இடம், பாடகர் ஓய்ந்திருக்கத் தாளவாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனம். அதில் குறைப்பு என்றொரு பகுதி உண்டு. மிருதங்கமும் கடமும் ஆளுக்கு ஓர் ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று, மாறி மாறி வாசித்து, பிறகு அரைச் சுற்று, கால் சுற்று என்று குறுக்கிக்கொண்டே வந்து, நிறைவுக்குக் கட்டியம் கூறும் மோராவிலும் மும்முறை வந்து முடியும் கோர்வையிலும் ஒன்றுசேரும். மிருதங்கத்தின் இடப்பக்கமாகிய தொப்பியில் எழும் கும்காரத்தைக் கடத்தில் அப்படியே எழுப்ப இயலாது என்பதை அறிந்தும், அதையே நம்பிய சொற்கட்டை வீசிவிட்டு விடைக்குக் காத்திருக்கும் மிருதங்கக் கலைஞர், கைதட்டலைப் பெறலாம். அருகில் இருப்பவரின் நம்பிக்கையைப் பெறமாட்டார். கடத்தின் மண்ணொலி துலங்கும் விரைவுச் சொற்களைத் தேர்ந்து கொடுப்பவரிடம், விடை சொல்பவர் தம் முழுத் திறனோடு திரும்பி வருவார். நேரம் குறைவு என்று பாடகர் சைகை காட்டும்போது முதலில் வெட்டுப்படுவது பெரும்பாலும் கடத்தின் பங்கே ஆதலால், தன் பங்கைச் சுருக்கி அதற்கு ஒரு சுற்றேனும் விட்டுவைப்பவரை எந்தக் கலைஞரும் எளிதில் மறப்பதில்லை.

பெருங்கலைஞர்களும் இவ்வாறு இடமளித்தே வாசித்தனர். பாலக்காடு மணி ஐயர் (1912–1981) தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரிடம் பயின்றவர். பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) புதுக்கோட்டைப் பாணியைத் தம் தந்தை முத்தையா பிள்ளை வழியாகப் பெற்றவர். பாணி என்பது வாசிப்பின் அழகையும் கணக்கையும் தலைமுறை தலைமுறையாக வகுக்கும் மரபு. ஒரே காலத்தில் மிருதங்கத்தின் முதல் வரிசையில் நின்ற இவ்விருவரும் போட்டியாளராக மட்டும் இருந்திருக்கலாம். ஆயினும் மணி ஐயர் மிருதங்கம் வாசித்த கச்சேரிகளில் சுப்பிரமணிய பிள்ளை கஞ்சிரா ஏந்தி அமர்ந்தார். சுப்பிரமணிய பிள்ளை இடக்கை வாசிப்பாளர் என்பதால், அவர் மிருதங்கம் வாசிக்கும் மேடையில் வயலின் கலைஞர் வழக்கமான இடத்தை விட்டு மறுபக்கம் அமர வேண்டியிருந்தது. சக கலைஞர் ஒருவர் சற்று நகர்ந்து இடம் கொடுப்பதில் ஒரு வாழ்க்கைத் தொழிலே தங்கியிருக்கக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மேடையில் விளைந்த நம்பிக்கை மேடைக்கு வெளியே வந்தால்தான் நட்பாகும். கச்சேரி முடிந்தபின், தொப்பியில் அப்பிய ரவையை மிருதங்கக் கலைஞர் சுரண்டி எடுக்க, கடக் கலைஞர் தம் கடத்தைத் துணியில் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தச் சில நிமிடங்களில், பேச்சு தாளக்கணக்கிலிருந்து வீட்டாரின் நலத்திற்கும் பிள்ளைகளின் படிப்பிற்கும் நகர்வதுண்டு. அவ்வாறு நகரும்போது இளம் கலைஞர் கைப்பேசியை எடுக்காமல் காது கொடுப்பதும், அடுத்த சந்திப்பில் அதை நினைவு வைத்துக் கேட்பதும், கச்சேரி இல்லாத மாதத்திலும் ஒருமுறை வீடு தேடிச் செல்வதும் உறவை வளர்க்கும். பழக்கத்தைத் தொழிலளவில் நிறுத்திக்கொள்ள விரும்புவோரும் உண்டு. அவர்களின் எல்லையை மதிப்பதும் பண்பே.

நட்பு முதிர்ந்தபின் இரண்டு கடமைகள் கூடுகின்றன. முதலாவது, உண்மை சொல்வது: நண்பரின் கணக்கு எடுப்பில், அதாவது பாட்டு தொடங்கும் இடத்தில், வந்து சேராமல் பிசகினால், மேடையில் முகம் சுளிக்காமல் தாளத்தைத் தாங்கிக் கொடுத்து, மறுநாள் தனியே அமர்ந்து அதைப் பேசித் திருத்த வேண்டும். இரண்டாவது, வாய்ப்புகளில் நேர்மை காப்பது: கடத்திற்கு யாரை அழைக்கலாம் என்று பாடகர்கள் மிருதங்கக் கலைஞரையே கேட்பதுண்டு என்பதால், நட்பு சிபாரிசாகச் சுருங்கிவிடும் ஆபத்து எப்போதும் இருக்கிறது. தகுதியுள்ள நண்பரைத் தயங்காமல் முன்மொழியலாம். அந்தக் கச்சேரிக்கு வேறொருவர் பொருத்தமானால் அதையும் சொல்லலாம். நண்பரிடம் அதை மறைக்காமல் தாமே தெரிவித்துவிடுவதே முறை. நண்பருக்குப் பெரிய சபாவில் முதலில் இடம் கிடைத்தால், முன்வரிசையில் அமர்ந்து தாளம் போட்டுக் கேட்க வேண்டியவரும் இளம் கலைஞரே.

கலைத்தொழிலில் ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும். அழைப்புகள் குறையும் ஆண்டில் உடன் அமர்ந்து சாதகம் செய்யவும், கை ஓய்ந்த காலத்தில் தம் வாசிப்பின் தரத்தை ஒளிக்காமல் எடுத்துச் சொல்லவும் ஒருவரேனும் வேண்டும். அந்த ஒருவரை இளம் கலைஞர் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. அடுத்த கச்சேரியில் அருகில் வந்து அமர்பவருக்குக் குறைப்பில் ஒரு முழு ஆவர்த்தனத்தை மனமுவந்து விட்டுக்கொடுத்துத் தொடங்கலாம்.