ராத்திரி ரெண்டு மணிக்கு கல்லீரலுக்கு என்ன டைம்?

ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இன்டர்ன்ஷிப் போயிருந்தேன். ரெண்டு வாரம் நைட் ஷிப்ட். ராத்திரி 2 மணிக்கு கேன்டீனில் சாம்பார் சாதம், பொரியல், ஸ்வீட். என்னோட லைன்ல ஒரு அண்ணன், பல வருஷமா ஷிப்ட் மாறி மாறி வேலை பார்க்கிறவர். "ஸ்கேன்ல ஃபேட்டி லிவர்னு வந்திருக்கு தம்பி, நான் குடிக்கிறதே இல்லையே"ன்னார். எனக்குப் பதில் தெரியல. நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப், பயாலஜி பத்தாவதோட சரி. அப்புறம் தேடிப் படிச்சதைத்தான் இங்கே எழுதுறேன். நம்மில் நிறைய பேர் அடுத்த வருஷம் அதே ரோட்டில் கம்பெனி பஸ் ஏறப் போறோமே.

1849-ல் கிளாட் பெர்னார் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி ஒரு முயலின் மூளை அடிப்பகுதியில் ஊசியால் குத்தினார். கொஞ்ச நேரத்தில் முயலின் சிறுநீரில் சர்க்கரை! மூளையைத் தொட்டால் கல்லீரல் பதில் சொல்லுது.

கல்லீரலுக்கு ரெண்டு வயர் போகுதுன்னு வச்சுக்கோங்க. ஒன்று சிம்பதெடிக் நரம்பு. வைவா பயத்தில் இது வேலை செய்யும். கல்லீரலில் கிளைக்கோஜனா சேமிச்ச சர்க்கரையை உடைச்சு ரத்தத்தில் விடும். இன்னொன்று வேகஸ். சாப்பிட்ட பிறகு சேமிப்புப் பக்கம் சாய்க்கும். அதோட, வேகஸ் இழைகளில் பெரும்பகுதி வயிற்றிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டு போறவை. நம்ம பாஷையில் ஃபீட்பேக் லூப். கிளைக்கோஜன் இடம் சுமார் 100 கிராம்தான். அது நிரம்பினால் மிச்சச் சர்க்கரை கொழுப்பாகுது. வெளியே அனுப்ப முடியாத கொழுப்பு கல்லீரல் செல்லுக்குள்ளேயே துளித்துளியா தங்கிடும்.

ஆனா நரம்பை மெயின் சுவிட்ச்னு நினைச்சுடாதீங்க. மாற்று அறுவை செய்த கல்லீரலுக்கு நரம்பு அறுந்தே இருக்கும், ஆனாலும் ஓடுது. இன்சுலினும் குளுக்ககானும் ரத்தம் வழியா வந்துடுதே.

சிக்கல் நேரத்தில் இருக்கு. மூளையில் ஒரு கடிகாரம். வெளிச்சத்தைப் பார்த்து ஓடும், நரம்பு வழியாவும் ஹார்மோன் வழியாவும் கல்லீரலுக்கு நேரம் சொல்லும். கல்லீரல் செல்லுக்குள்ளும் தனிக் கடிகாரம் உண்டு. அது சாப்பாட்டு நேரத்தையும் பார்க்கும். தூங்க வேண்டிய நேரத்தில் மட்டும் தீனி போட்ட எலிகளில் கல்லீரல் கடிகாரம் நகர்ந்தது, மூளையோடது நகரல. ராத்திரி உடம்பு சர்க்கரையைக் கையாள்றதும் மந்தம். அதே சாம்பார் சாதம், பகலைவிட ராத்திரி ரத்தச் சர்க்கரையை அதிகம் ஏத்தும்.

2021-ல் 19 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஆய்வகத்தில் நைட் ஷிப்ட் மாதிரியே விழிக்க வைத்தார்கள். ராத்திரியும் சாப்பிட்டவர்களுக்கு ரத்தச் சர்க்கரை ஏறியது. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு அப்படி ஏறல. சின்ன ஆய்வு, அளந்தது சர்க்கரையைத்தான், கல்லீரல் கொழுப்பை இல்ல.

அண்ணன்கிட்ட சொன்னேன். "எட்டு மணி நேரம் பட்டினியா லைன்ல நிக்க முடியுமா?"ன்னார். நியாயம்தான். இப்போ ராத்திரி 8 மணிக்கே வீட்டில் முழுச் சாப்பாடு, 2 மணிக்கு கொஞ்சம் சுண்டல். ஸ்வீட்டை எனக்குத் தள்ளிவிட்டார். ஆறு மாசம் கழிச்சு மறுபடி ஸ்கேன் எடுக்க டாக்டர் சொல்லியிருக்காராம்.