கணக்கில் பணம் இருந்தது, கைக்கு வரவில்லை

கேள்வி: ஐயா, போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு என் கணவருக்கு நெஞ்சுவலி வந்து மதுரைக்குக் கொண்டு போனோம். மருத்துவமனையில் ஒன்றரை லட்சம் அட்வான்ஸ் கட்டச் சொன்னார்கள். அவர் பெயரில் உள்ள சேமிப்புக் கணக்கில் 3,80,000 ரூபாய் இருந்தது. அவருடைய கார்டைப் போட்டால் ஏடிஎம்மில் 20,000 ரூபாய்க்கு மேல் வரவில்லை. அவர் போனைத் திறக்க எனக்குத் தெரியவில்லை. என் போனில் அவசரமாக யுபிஐ போட்டால் 5,000 ரூபாய்க்கு மேல் போகாது என்றது. கடைசியில் பக்கத்து வீட்டு அண்ணன் வந்து கட்டினார். எங்கள் இருவர் பெயரிலும் இரண்டு லட்சத்துக்கு எஃப்டி இருக்கிறது. அதை எடுக்கலாம் என்று திங்கட்கிழமை பேங்குக்குப் போனால், இருவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போது அவர் வீட்டில் நலமாக இருக்கிறார். ஆனால் எங்கள் பணத்தை நாங்கள் எடுக்க ஏன் இவ்வளவு பாடு? சேமிப்புக் கணக்கு என்றால் நினைத்த நேரத்தில் எடுக்கலாம் என்றுதானே சொல்கிறார்கள்?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அம்மா, அவர் நலமாக இருக்கிறார் என்ற வரியைப் படித்த பிறகுதான் உங்கள் கடிதத்தை நிதானமாகத் திரும்பப் படிக்க முடிந்தது. முப்பது வருடங்களுக்கு மேல் வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தவன் நான். திங்கட்கிழமை காலையில் உங்களைப் போல வந்து நின்றவர்களின் முகங்கள் இன்னும் நினைவில் இருக்கின்றன.

சேமிப்புக் கணக்குப் பணம் கேட்டதும் கொடுக்க வேண்டிய பணம்தான். ரிசர்வ் வங்கியின் விதியும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் எத்தனை முறை எடுக்கலாம், எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு வங்கி வரம்பு வைத்துக்கொள்ளலாம் என்றும் அதே விதியிலேயே இருக்கிறது. கணக்கு தொடங்கும்போது இந்த இரண்டாவது பாதியை நாங்கள் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. பணம் எவ்வளவு வேகமாக வரும் என்பது கணக்கைவிட, அதை எடுக்கும் வழியைப் பொறுத்தது. ஏடிஎம்முக்கு ஒரு வரம்பு, கடையில் கார்டு தேய்ப்பதற்கு வேறொரு வரம்பு, யுபிஐக்கு இன்னொன்று, கிளைக்குப் போய் செக் கொடுத்து எடுப்பதற்கு மற்றொன்று. உங்களுக்கு அன்றிரவு திறந்திருந்தது இவற்றிலேயே மிகச் சிறிய வாசல்.

அந்த வரம்பு உங்களை வதைக்க வைத்ததல்ல. கார்டும் பின் நம்பரும் திருடன் கைக்குப் போனால், விடிவதற்குள் கணக்கைத் துடைத்துவிடக் கூடாதே என்பதற்காக வைத்தது. புதிதாக யுபிஐ போட்டவருக்கு முதல் 24 மணி நேரம் 5,000 ரூபாய்தான் என்பதும் அதற்காகவே. பல வங்கிகளில் புதிதாக ஒருவரின் கணக்கு எண்ணைச் சேர்த்தால், முதல் நாள் சிறு தொகைதான் அனுப்ப முடியும். ஆக, அவசரம் வந்த பிறகு வழி திறக்கப் பார்த்தால் எந்த வழியும் முழுதாகத் திறக்காது.

அன்றிரவு பணத்தாளே தேவைப்பட்டிருக்கவில்லை. மருத்துவமனையின் பில் கவுன்ட்டரில் கார்டைத் தேய்த்திருக்கலாம். தேய்ப்பதற்கான தினசரி வரம்பு பெரும்பாலும் ஏடிஎம் வரம்பைவிட அதிகம். ஒன்றரை லட்சமும் ஒரே கார்டில் போகாவிட்டாலும் பெரும்பகுதி போயிருக்கும். யுபிஐயில் வழக்கமான வரம்பு ஒரு நாளைக்கு ஒரு லட்சம். ஆனால் மருத்துவமனைக்கும் கல்விக் கட்டணத்துக்கும் அது 5 லட்சமாக உயர்த்தப்பட்டது. இதை 2023 டிசம்பரில் ரிசர்வ் வங்கி அறிவித்தது. நெட் பேங்கிங் இருந்தால் ஐஎம்பிஎஸ் மூலம் 5 லட்சம் வரை நடுராத்திரியிலும் நொடியில் போகும். நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்தும், ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பரிலிருந்தும் ஞாயிறு, பண்டிகை பாராமல் ஓடுகின்றன. பணமாகவே கட்டுவோம் என்று நினைப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும்: வருமான வரிச் சட்டப்படி, ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது.

அவருடைய கார்டை நீங்கள் பயன்படுத்தியது வங்கி விதிப்படி சரியல்ல. அந்த இரவில் வேறு என்ன செய்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்த நிலைக்கு உங்களைத் தள்ளியது, கணக்கு அவர் ஒருவர் பெயரில் மட்டும் இருந்ததுதான். நம் வீடுகளில் சேமிப்பு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. சிறுவாடு சேர்த்துச் சேர்த்து அதில் போட்டவள் மனைவியாக இருப்பாள். பாஸ்புக்கில் அவள் பெயர் இருக்காது. நாமினியாகப் போட்டிருக்கிறோமே என்பார்கள். நாமினிக்குப் பணம் போவது கணக்குக்காரர் இறந்த பிறகு. அவர் ஐசியுவில் இருக்கும்போது நாமினியால் ஒரு ரூபாய் எடுக்க முடியாது.

அந்தக் கணக்கில் உங்கள் பெயரைச் சேருங்கள். படிவத்தில் ‘இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்’ என்ற இடத்தைத் தேர்ந்தெடுங்கள். வங்கியில் ‘ஈதர் ஆர் சர்வைவர்’ என்பார்கள். அப்போது உங்களுக்கென்று தனிக் கார்டு, தனி பின் நம்பர் வரும். உங்கள் போன் எண்ணையும் வங்கியில் பதிந்து, இப்போதே யுபிஐ போட்டு, பத்து ரூபாய் அனுப்பிப் பழகிக்கொள்ளுங்கள்.

எஃப்டி விஷயத்தில் வங்கி உங்களிடம் சொன்னது சரிதான். ஆனால் டெபாசிட் போட்ட அன்றே அதைச் சொல்லியிருக்க வேண்டும். ‘ஈதர் ஆர் சர்வைவர்’ என்று போட்ட எஃப்டியை முதிர்ந்த பிறகு வாங்க ஒருவர் கையெழுத்துப் போதும். முதிர்வதற்கு முன்னால் உடைக்க, இருவரும் உயிரோடு இருக்கும்வரை, இருவர் கையெழுத்தையும் கேட்பார்கள். இது பலருக்கும் ஆஸ்பத்திரி வாசலில்தான் தெரியவருகிறது.

கையெழுத்துப் போட முடியாத நோயாளிக்கும் வழி உண்டு. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கட்டைவிரல் ரேகை வைக்கலாம். கை அசையாவிட்டால் கால்விரல் ரேகையும் செல்லும். சாட்சிகளில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். நானே மை டப்பாவோடு வார்டுக்குப் போய் ரேகை வாங்கி வந்திருக்கிறேன். கேட்காமல் யாரும் வரமாட்டார்கள். மேலாளரிடம் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள்.

இனி எங்கே எவ்வளவு வைப்பது? ஒரு மருத்துவமனை அட்வான்ஸ் அளவுக்குச் சேமிப்புக் கணக்கிலேயே கிடக்கட்டும். வட்டி குறைவுதான், பரவாயில்லை. அதற்கு மேல் உள்ளதை ஸ்வீப் வசதியுள்ள டெபாசிட்டில் போடலாம். ஸ்டேட் வங்கியில் அதற்கு மல்டி ஆப்ஷன் டெபாசிட் என்று பெயர். கணக்கில் குறையும்போது தேவையான அளவு மட்டும் தானாக உடைந்து வரும். சாதாரண எஃப்டியை உடைத்தால் பல வங்கிகளில் அரை முதல் ஒரு சதவீதம் வரை வட்டியில் பிடிப்பார்கள். ஒரு கோடி வரையிலான தனிநபர் டெபாசிட்டை முன்கூட்டி உடைக்க முடியாது என்று வங்கி சொல்ல முடியாது. வரி விலக்குக்காகப் போடும் 5 வருட டெபாசிட் மட்டும் விதிவிலக்கு. பிபிஎஃப், தேசிய சேமிப்புப் பத்திரம் இவற்றையெல்லாம் அவசரக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

முடிந்தால் இரண்டு வங்கிகளில் வையுங்கள். கரூரில் 1926-ல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியில் 2020 நவம்பர் 17 அன்று, 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது என்று தடை வந்தது. பத்தே நாளில் அது டிபிஎஸ் வங்கியோடு இணைந்து தடை நீங்கியது. டெபாசிட்காரர்கள் யாரும் பணத்தை இழக்கவில்லை. ஆனால் அந்தப் பத்து நாளில் கல்யாணம் வைத்திருந்தவர்களின் தவிப்பை நினைத்துப் பாருங்கள். ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. தடை விழுந்தால் அந்தத் தொகை 90 நாளுக்குள் கைக்கு வரவேண்டும் என்று 2021-ல் சட்டம் திருத்தப்பட்டது. ஆஸ்பத்திரி கவுன்ட்டர் 90 நாள் பொறுக்காது.

ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்துவிட்டால் பதறாதீர்கள். ஐந்து நாளுக்குள் திரும்ப வரவேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வங்கி தர வேண்டும்.

அவருக்கு உடம்பு தேறியதும் ஒரு வேலை நாளில் இருவரும் சேர்ந்தே கிளைக்குப் போங்கள். இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை வேண்டாம். ஆதார், பான் கார்டு, உங்கள் போட்டோ இரண்டு, பாஸ்புக். அந்த எஃப்டி ரசீதையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். இருவரும் கையெழுத்துப் போட்டு அதை அன்றே ஸ்வீப் டெபாசிட்டாக மாற்றிவிடலாம்.